கை நீட்டிய காவல் தெய்வம்

லண்டனுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒரு மரப்பெட்டிக்குத் துணையாகப் போனேன். பெட்டிக்குள் நாலடி உயர மர உருவம். நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்தின் சொத்து. லண்டனில் ஒரு கலைக்கூடம் அதைக் கடனாகக் கேட்டிருந்தது. ஆப்பிரிக்க முகமூடிகளையும் உலகத்துப் பழங்குடிகள் செய்த உருவங்களையும் ஐரோப்பாவின் நவீன ஓவியர்களுடைய படங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி, யாரைப் பார்த்து யார் கற்றார்கள் என்று காட்டப் போகிறார்களாம். கடன் கொடுக்கும் பொருளோடு ஓர் ஆள் போக வேண்டும் என்பது விதி. பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று, விரிசல் இருந்தால் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாரம் அமைச்சர் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருவதாக இருந்தது. அதனால் பெரிய அதிகாரிகள் யாரும் நகர முடியவில்லை. இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஒருவனை விமானத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம், பிப்ரவரி மாதம். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் குளிரில் காது இரண்டும் மரத்துப் போய்விட்டன. கடன் வாங்கிய ஸ்வெட்டர் இரண்டைப் போட்டிருந்தேன். அவை எங்கள் ஊர் மார்கழிக்குத்தான் ஆகும்.

ஓட்டலில் காலையில் ஒரு தட்டு வைத்தார்கள். ஒரு முட்டை, ஒரு சாஸேஜ், தக்காளிச் சாற்றில் ஊறிக்கிடந்த தித்திப்பு மொச்சை. மொச்சையில் சர்க்கரை போட்டவனை எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்து மேஜையில் ஒரு கிழவர் தன் மனைவியிடம், "இன்று வெயில் வரும் என்று வானொலியில் சொன்னார்கள்" என்றார். மனைவி ஜன்னலைப் பார்த்துவிட்டு, "வானொலி வேறு ஊரில் இருக்கிறது" என்றாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

கலைக்கூடத்துக்குப் போனால் அன்று பெட்டியைத் திறக்க முடியாது என்றார்கள். அறையின் சூட்டுக்கு மரம் பழக வேண்டுமாம். ஒரு நாள் முழுக்கப் பெட்டி மூடியபடியே நிற்க வேண்டும். மனிதனுக்கு அந்தச் சலுகை கிடையாது. என்னை அப்படியே நேராக உள்ளே கூட்டிப் போனார்கள். கூட்டிப் போனவர் ஹெலன், கண்காட்சியின் பொறுப்பாளர். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி. சட்டையில் பென்சில் தூள். இரண்டு வருடமாக இந்தக் கண்காட்சிக்காக உழைத்துக் களைத்த முகம். "சுற்றிப் பாருங்கள், எதையும் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

சுற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

நான் சென்னையில் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவன். சிற்பி ஆகவில்லை, குமாஸ்தா ஆனேன், அது வேறு கதை. கல்லூரியில் இந்த ஓவியர்களைப் பற்றி மூன்று வருடம் சொன்னார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் சில இளைஞர்கள் தூசி படிந்த காட்சிப் பெட்டிகளில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்தார்களாம். அதன் பிறகு அவர்கள் படங்களில் முகம் வெட்டுப்பட்டது. மூக்கு கோடாலி ஆனது, கண் கீறல் ஆனது. அப்போது புத்தகத்தில் படம் தீக்குச்சிப் பெட்டி அளவுதான் இருந்தது. முகமூடியின் படமே இல்லை. இங்கே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

படத்துக்குக் கீழே ஓவியரின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், எந்த ஊரில் எந்த வீட்டு மாடியில் வரைந்தார் என்பது வரை இருந்தது. முகமூடிக்குக் கீழே: "மேற்கு ஆப்பிரிக்கா. மரம். செய்தவர் பெயர் தெரியவில்லை." அடுத்ததிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே. பன்னிரண்டு முகமூடி பார்த்தேன். ஒருவனுக்கும் பெயர் இல்லை. பிள்ளை தானாகப் பிறந்ததுபோல.

"பேர் தெரியலையாம். கேட்டாத்தானே தெரியும், எழவு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அண்ணை தமிழோ?"

திரும்பினேன். மூலையில் ஒரு நாற்காலி. அதில் நீலச் சீருடையில் ஒரு காவலாளி. நாற்பது வயதுக்குள்தான் இருப்பார்.

"ஆமா" என்றேன். "நீங்க?"

"நான் யாழ்ப்பாணம். பேர் தயாபரன். இஞ்ச சத்தமாக் கதைக்கக் கூடாது. ஆனா தமிழில எண்டால் பறவாயில்லை, என்ன பேசுறியள் எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. நீங்கள் பேசுங்கோ, நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். மூண்டு கிழமையா உதுகளோட தனியா இருக்கிறன்."

பேசினேன். என் கோபத்தை எல்லாம் அவரிடம் கொட்டினேன். திருடர்கள் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "ஓம் அண்ணை. ஆனா அந்தப் படத்தை ஒருக்கால் பாருங்கோ. அந்தப் பொம்பிளை இருக்கிறது" என்று ஒன்றைக் காட்டினார். "நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். அதில களவு இருக்கலாம். பொய் இல்லை."

போய்ப் பார்த்தேன். திருடன் என்று சொல்லத்தான் போனேன். படம் நன்றாக இருந்தது. பெண்ணின் நெற்றியும் கன்னமும் உளியால் சீவியதுபோல் தட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. முகமூடியைப் பார்த்து வரைந்தவன் வெறும் சாயலை மட்டும் எடுக்கவில்லை. ஒரு முகத்தைக் கண்ணுக்குத் தெரிகிறபடி வைக்கத் தேவையில்லை, மனதில் எவ்வளவு கனமோ அவ்வளவு கனமாக வைக்கலாம் என்ற தைரியத்தை எடுத்திருக்கிறான். மரத்தில் வேலை செய்தவனுக்கு அது புரியும். இன்னொரு விஷயமும் நினைவுக்கு வந்து எரிச்சல் கூடியது. எங்கள் கல்லூரியிலும் மாணவர்கள் அய்யனார் கோயில் மண் குதிரையைத் திரும்பிப் பார்த்தது பாரிஸ்காரன் முகமூடியைப் பார்த்தான் என்று தெரிந்த பிறகுதான். அதுவரை பஸ்ஸில் அந்தக் குதிரைகளைத் தாண்டித்தான் கல்லூரிக்கு வந்தோம்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தார்கள். நான்கு பேர் வெள்ளைக் கையுறை போட்டு, குழந்தையைத் தொட்டிலில் இருந்து தூக்குகிறமாதிரி உருவத்தைத் தூக்கினார்கள். எங்கள் சேமிப்பறையில் அதைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வைப்போம்.

உருவம் இப்படி இருக்கும்: நீண்ட முகம், குதிரை முகம் என்றே சொல்லலாம். தலையில் தட்டையாக ஏதோ ஒன்று. வயிறு தள்ளி நிற்கிறது. இடது கை இடுப்பில். வலது கை முன்னால் நீண்டு, உள்ளங்கை குழிந்து. நிறுத்தி முடித்ததும் ஹெலன் பின்னால் போய்ப் பார்த்தார், முன்னால் வந்து பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "இந்தக் கண்காட்சியின் மையமே இதுதான். செய்தவர் எந்த மனிதரின் சாயலையும் வைக்கவில்லை. இது யாருடைய முகமும் இல்லை. அதனால்தான் இது எல்லாருடைய முகமும். அந்தக் கை பாருங்கள், அருள் கொடுக்கிற கை" என்றார். அந்த உருவத்தை வைத்துத்தான் கண்காட்சி நூலில் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறாராம்.

பக்கத்துச் சுவரில் விளக்க அட்டையின் மாதிரி ஒட்டியிருந்தது. "காவல் தெய்வம். தென்னிந்திய மலைப் பழங்குடி. மரம். செய்தவர் பெயர் தெரியவில்லை."

எனக்கு மேலே சொன்ன கோபம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. "பெயர் தெரியாது என்று யார் சொன்னது? உங்கள் ஓவியன் எந்த வீட்டு மாடியில் குடியிருந்தான் என்று தெரிகிறது. இவனுக்குப் பெயர் இல்லையா? கேட்டீர்களா?" என்று கத்தினேன். கையுறைக்காரர்கள் நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஹெலன் கோபப்படவில்லை. ஒரு கோப்பைக் கொண்டுவந்து திறந்தார். "கேட்டோம். உங்கள் அலுவலகம் இதைத்தான் அனுப்பியது" என்றார்.

எங்கள் பதிவேட்டின் நகல். பொருள்: காவல் தெய்வம். செய்தவர்: பழங்குடியினர். காலம்: தெரியவில்லை. கீழே சுருக்கக் கையெழுத்து. எழுத்தும் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது.

நான் விரிசல் பார்க்கும் படிவத்தை எடுத்துக்கொண்டு உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எழுத ஒன்றும் இல்லை.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், தரை துடைக்கிற இயந்திரத்தோடு ஒரு பெண் வந்தார். கானா நாட்டுக்காரர், பெயர் எஃபுவா என்று தயாபரன் சொன்னார். உருவத்தைச் சுற்றித் துடைத்துக்கொண்டு வந்தவர், முன்பக்கம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கவில்லை.

"தெய்வத்தைப் பார்த்து என்ன சிரிப்பு?" என்று தயாபரன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெய்வமா? இவரை எனக்குத் தெரியும். எங்கள் ஊர் சாலையில் லாரிகளை நிறுத்துகிறவர். தொப்பியைப் பார். வயிற்றைப் பார். அந்தக் கை கொடுக்கிற கையா? வாங்குகிற கை."

தயாபரன் உருவத்தைப் பார்த்தார். "உண்மைதான் அண்ணை. எங்கட பக்கத்தில செக் பொயின்ரில நிண்ட கையும் இதேதான்" என்றார்.

நான் எஃபுவாவிடம் அந்த முகமூடிகளைக் காட்டி, இவற்றைச் செய்தவர்களின் பெயர் உண்மையிலேயே யாருக்கும் தெரியாதா என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். "எங்கள் அம்மா ஊரில் செதுக்குகிறவர் யார் என்று கோழிக்குஞ்சுக்கும் தெரியும். இது அவர் கை, அது இவர் கை என்று தூரத்தில் இருந்தே சொல்வார்கள். வாங்கிப் போனவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்காததை நாங்கள் ஏன் சொல்ல வேண்டும்?" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போனார். போகிறபோதும் தோள் குலுங்கியது.

அன்று மாலை தயாபரன் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவருக்கு வேலை முன்னதாக முடிந்துவிட்டது. நான் தனியாக ரயிலில் தோர்ண்டன் ஹீத் போக வேண்டும். ஸ்டேஷன் வந்தது, எழுந்தேன், கதவைத் தேடினேன். கதவு இருந்தது. கைப்பிடி இல்லை. தள்ளினேன், இழுத்தேன். ரயில் கிளம்பிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பேப்பரை இறக்கி, "ஜன்னலை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பக்கக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும்" என்றார். இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்கள் இறங்க விரும்புகிறீர்கள் என்று நான் எப்படி முடிவு செய்வது?" என்றார். அடுத்த ஸ்டேஷன் செல்ஹர்ஸ்ட். அங்கே ஜன்னல் வழியாகக் கையை விட்டு, குளிரில் விரைத்த இரும்பைத் திருப்பி இறங்கி, எதிர்ப்பக்கம் ரயில் பிடித்துத் திரும்பினேன். உள்ளே இருப்பவன் வெளியே கையை விட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று எந்த மடையன் யோசித்தானோ.

தயாபரன் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் பத்துச் செருப்பு. அவர் மனைவி யோகா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும் வைத்திருந்தார். தெரு முனைக் கடையில் முருங்கைக்காய் கிடைக்கிறது, விமானத்தில் வருகிறது என்றார். இரண்டு நாளாகத் தித்திப்பு மொச்சை தின்ற வாய்க்கு அந்த உறைப்பு வந்ததும் மூக்கு ஒழுகியது.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ. அவர் சொன்னவர், நீங்கள் இண்டைக்குக் கத்தினீங்களாம், பிறகு ஊமையா நிண்டீங்களாம். பசியோ எண்டு நினைச்சன்" என்றார் யோகா.

பசி இல்லை. அவர்களிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பதினான்கு வருடத்துக்கு முன் நீலகிரிச் சரிவில் ஒரு காட்டு ஊருக்குப் பொருள் சேகரிக்கப் போனேன். பாறையில் தேன் எடுக்கிறவர்கள் ஊர். ஊருக்குள் நுழைகிற பாதை வளைவில் இந்த உருவம் நட்டிருந்தது. தேனோடு இறங்குகிற ஒவ்வொருவரும் அதன் நீட்டிய கையில் ஒரு கூழாங்கல் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். சாமியா என்று கேட்டேன். செய்தவரே பக்கத்தில் இருந்தார். மாதன். "சாமி இல்லீங்க, ரேஞ்சர்" என்றார். அந்தப் பகுதி வன அதிகாரி ஒவ்வொரு தேன் எடுப்பிலும் ஒரு குடத்தை எடுத்துக்கொள்வாராம். குடம் கொடுக்காவிட்டால் பாறைப் பக்கம் போக விடமாட்டாராம். அவர் நிற்கிற இடத்திலேயே அவரைச் செதுக்கி நட்டுவிட்டார் மாதன். அவர் இல்லாத நாளில் அவருக்குக் கூழாங்கல். தலையில் இருக்கும் தட்டை அவருடைய தொப்பி. மரத்தில் அவர் செய்திருந்த வேலையைப் பார்த்து அசந்துவிட்டேன். கல்லூரியில் நாங்கள் யாரும் அப்படி ஒரு வயிறு செதுக்கியதில்லை. கேட்டேன். ஒரு நல்ல உளி வாங்கிக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போ என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அதே ரேஞ்சர் நான் தங்கியிருந்த விருந்தினர் விடுதிக்கு வந்தார். குதிரை முகம், அப்படியே. உருவத்தை அவரும் சாமி என்றே நினைத்து, ஊருக்குக் கொண்டுபோகத் தன் ஜீப்பையே கொடுத்தார். ராத்திரி அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். தோசைக்குத் தேன் ஊற்றினார்கள். திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தபோது, அரசாங்கப் புத்தகத்தில் அரசாங்க அதிகாரியைப் பற்றி நான் என்ன எழுதுவது? என் வேலையும் போகும், மாதனையும் காட்டைவிட்டு விரட்டுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வேலையைப் பற்றித்தான் யோசித்தேன். செய்தவர் பெயருக்கு எங்கள் பதிவேட்டில் பத்தியும் கிடையாது. நானே ஒரு கோடு போட்டுப் "பழங்குடியினர்" என்று எழுதினேன். காவல் தெய்வம் என்று போட்டுவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பழங்குடிக்காரன் எதைச் செய்தாலும் அது தெய்வம்தான் என்று எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. அந்த ரேஞ்சர் இப்போது சென்னையில் பெரிய பதவியில் இருக்கிறார்.

நான் சொல்லி முடித்ததும் யோகா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்த மனிசன் பகிடிக்குச் செய்ததை நீங்கள் சாமி ஆக்கிப்போட்டு, வெள்ளைக்காரியைப் போய் ஏசினீங்களோ?"

"யோகா" என்றார் தயாபரன்.

"என்ன யோகா? அவ கேட்டு எழுதிப்போட்டா. இவர் தெரிஞ்சு மறைச்சவர். ஆர் மோசம்?"

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தயாபரன் கையைக் காட்டி நிறுத்தினார். "அவசரப்படாதேங்கோ அண்ணை. சொல்லுறது வேற, எழுதிக் குடுக்கிறது வேற. அவை எழுதித் தா எண்டு கேப்பினம். நான் இஞ்ச அகதியா வந்து இறங்கின அண்டைக்குக் களைப்பில ஒரு திகதியை மாறிச் சொல்லிப்போட்டன். அஞ்சு வருசமா அந்த ஒரு திகதியைத்தான் கேட்டவங்கள். பேப்பர் ஒண்டையும் மறக்காது. உங்கட ஆபீசுக்கும் அது போகும்."

"போகட்டுமே" என்றார் யோகா. "அந்த மாதன் காட்டில நிண்டு அந்த அதிகாரியின்ர பாதையிலயே நட்டு வச்சவர். அவருக்கு இல்லாத பயம் உங்களுக்கு என்னத்துக்கு?"

"உனக்குச் சொல்ல லேசு. அண்ணைக்கு ஊரில வேலை."

"அந்த ஆளுக்கு ஊரில காடு" என்று சொல்லிவிட்டு யோகா தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் சொதி கொண்டுவந்து ஊற்றினார். அந்தச் சொதியை இன்றைக்கும் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஹெலனின் அறைக்குப் போனேன். மேஜையில் அந்தக் கண்காட்சி நூல், அச்சாகி வந்த முதல் பிரதி. அவருடைய கட்டுரைப் பக்கத்தில் என் உருவத்தின் பெரிய படம். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். ரேஞ்சர், குடம், கூழாங்கல், ஜீப், என் பதிவேடு எல்லாம்.

ஹெலன் நூலை மூடினார், திறந்தார். "யாருடைய முகமும் இல்லை என்று பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன்" என்றார்.

"அச்சு அசலாக அவர்தான். மூக்குகூட" என்றேன்.

"சாயல் வைக்கத் தெரியாதவர் செய்தது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். இந்த ஓவியர்களும் அப்படி நினைத்துத்தான் கற்றுக்கொண்டார்கள்." பிறகு எழுந்து, என்னைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கே போனார். உருவத்தின் முன்னால் நின்றார். அந்த வயிற்றையும் கையையும் தொப்பியையும் புதிதாகப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது, அழுதுவிடுவாரோ என்று. அவர் சிரிக்க ஆரம்பித்தார். எஃபுவா மாதிரி பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் சின்னதாக. "என் கட்டுரையைவிட இது நல்ல சிற்பம். நான் சொன்னதைவிட நல்ல சிற்பம். பக்கத்தில் இருக்கிற இந்தப் படத்தையும் இப்போது வேறு மாதிரி பார்க்க வேண்டும்" என்றார்.

இவரிடம் நான் முந்தின நாள் கத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் தயாபரன் சொன்னதையும் சொல்லிவிட்டார்.

"நான் நம்புகிறேன். நம்பிக்கையை அட்டையில் அச்சடிக்க முடியாது. கடன் பத்திரத்தில் ஒன்று, சுவரில் ஒன்று என்று வைக்க முடியாது. நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பழைய பதிவு தவறு, தெரிந்தே எழுதினேன் என்று. நகல் உங்கள் அலுவலகத்துக்குப் போகும். அதை நான் மறைக்க முடியாது."

"எழுதாவிட்டால்?"

"பெயர் தெரியவில்லை என்றே இருக்கும். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்காது."

ஒரு காகிதமும் பேனாவும் வைத்துவிட்டு அவர் வெளியே போய்விட்டார். ஓய்வுக்கு ஆறு வருடம் இருந்தது. இரண்டாவது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். எழுதாமல் எழுந்து போனால் உலகத்தில் ஒரு ஆள்கூட என்னைக் குறை சொல்ல முடியாது, யோகாவைத் தவிர. அவரை நான் இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. கண்ணாடிக் கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. அந்தக் குதிரைமுக உருவம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருக்கும் ஐரோப்பியப் படத்திடம் கையை நீட்டிக்கொண்டு நின்றது. அது அந்தப் படத்திடமும் ஒரு குடம் கேட்பதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்தேன்.

எழுதியது அரைப் பக்கம்தான். பெரிய ஆங்கிலம் எல்லாம் இல்லை. உருவத்தைச் செய்தவர் மாதன், தேன் எடுப்பவர், உயிரோடு இருக்கிறார். அது தெய்வம் இல்லை, ஒரு வன அதிகாரி. பதிவேட்டில் நான் தெரிந்தே மாற்றி எழுதினேன். கையெழுத்து, முழுப் பெயர், பதவி.

நான்காம் நாள் மதியம் விமானம். காலையில் போய்ப் பார்த்தபோது புதிய அட்டை ஒட்டியிருந்தது. "மாதன். வன அதிகாரி. மரம்." அதற்குக் கீழே தேன்குடக் கதை நான்கு வரியில். ஹெலன் தன் நூலின் ஒவ்வொரு பிரதியிலும் பிழைத்திருத்தச் சீட்டு வைக்கச் சொல்லியிருந்தார். மேலிடத்தில் அவருக்கும் திட்டு கிடைத்தது என்று தயாபரன் காதில் சொன்னார். எஃபுவா அட்டையைப் படித்துவிட்டு, "நான் சொன்னேன் இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துடைக்கப் போனார். சுற்றி இருந்த முகமூடிகள் எல்லாவற்றுக்கும் கீழே அந்தப் பழைய வரி அப்படியே இருந்தது. அவற்றுக்குச் சொல்ல ஆள் இல்லை.

தயாபரன் தன் நாற்காலியை உருவத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டிருந்தார். "இனி இவரோடதான் எனக்கு டியூட்டி. களைப்பில்லை, சிரிச்சுக்கொண்டு இருக்கலாம்" என்றார். ஒரு ரொட்டிப் பார்சலை என் கையில் வைத்தார். யோகா கொடுத்துவிட்டது. என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. அவ ஒண்டும் சொல்லாட்டில் சந்தோசம் எண்டு அர்த்தம்."

ஊருக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் மெமோ வந்தது. பதிவேட்டைப் பொய்யாக எழுதியதற்கு விளக்கம் கேட்டு. கொடுத்தேன். இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றினார்கள், நாணயப் பிரிவுக்கு. வேலை போகவில்லை. பதினான்கு வருடமாகப் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஹெலன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். உருவமும் அட்டையும் பக்கத்தில் அந்த ஓவியமும் தெரிகிறபடி. எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். மாதனுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. நான் வாங்கிக் கொடுத்த உளி தேய்ந்து பாதி ஆகியிருந்தது. அவர் மகள் எட்டாவது வரை படித்தவள், போட்டோவை வாங்கி அட்டையில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி, "மா-தன்" என்றாள். நான் மீதியைச் சொன்னேன். சீமையில் அவருடைய பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள், பெரிய பெரிய ஓவியர்களின் பெயர் எழுதுகிற அதே அளவு எழுத்தில் என்றேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போட்டோவைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் நிக்கிறான்" என்றார். "அவன் பேரு எங்கே?"

"யார் பேர்?"

"ரேஞ்சர் பேரு. போட்டாங்களா?"

போடவில்லை என்றேன். அது எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல வாய் திறந்து, சொல்லவில்லை. தோன்றியது. அந்தக் காகிதத்தில் பேனா அந்த இடத்தில் நின்றது. அவர் இன்னும் பதவியில் இருக்கிறார்.

"என் பேரு எதுக்கு சார்? என்னை இங்க எல்லாத்துக்கும் தெரியும். அவன் பேரைத்தானே எழுதணும். அவனுக்காகத்தானே செஞ்சது" என்றார் மாதன். கோபம் இல்லை. ஒரு வேலையை அரைகுறையாகச் செய்தவனிடம் சொல்கிறமாதிரி சொன்னார்.

மகளிடம் பேனா இருந்தது. போட்டோவின் பின்பக்கத்தில், தமிழில், இனிஷியலோடு, அந்த அதிகாரியின் முழுப் பெயரையும் எழுதினேன். மகள் படித்துக் காட்டினாள். மாதன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.